ட்ரோஜனும் ஈரத்துண்டும்

ஆயிரம் பேர் பதில் சொல்லும் கம்ப்யூட்டர் உதவி மையத்தில் அந்த அழைப்பு இவளிடமா வந்து விழ வேண்டும்? ‘ஹலோ’வைக் கேட்டதுமே பல்லைக் கடித்தாள். குரலில் மட்டும் தேன் சொட்டியது.

“சொல்லுங்க சார், என்ன பிரச்சினை?”

“கம்ப்யூட்டர் தானா என்னென்னமோ திறக்குதுங்க. ஓசியில ஒரு சீட்டாட்டம் இறக்கினேன், அவ்வளவுதான்.”

“அந்த ஆட்டத்துக்குள்ள ட்ரோஜன்னு ஒரு வேவு வைரஸ் ஒளிஞ்சு வந்திருக்கு சார். ஆன்ட்டிவைரஸ் எச்சரிச்சிருக்குமே?”

“தொணதொணன்னுச்சு. அணைச்சிட்டேன்.”

அவள் கையிலிருந்த பேனா இரண்டாக முறிந்தது.

“முதல்ல இன்டர்நெட்டைத் துண்டிங்க. ஆட்டத்தை நீக்குங்க. ஆன்ட்டிவைரஸை மறுபடி போட்டு முழுசா ஸ்கேன் பண்ணி, மாட்டுறதை அழிச்சிடுங்க. பாஸ்வேர்டு எல்லாத்தையும் போன்லேர்ந்து மாத்திடுங்க.”

“சீக்கிரம் முடியுமா? சாயங்காலம் வீட்டுக்காரி வந்துடுவா. கண்டதை இறக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டா. தெரிஞ்சா தோலை உரிச்சுத் தொங்க விட்டுடுவா!”

ஒவ்வொன்றையும் ஏழெட்டுத் தடவை சொன்னபிறகு, ஒருவழியாக ட்ரோஜன் ஒழிந்தது.

“என்ன பொறுமைங்க உங்களுக்கு! என் வீட்டுக்காரி இப்படி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதேயில்லை. உங்க வீட்டுக்காரர் குடுத்து வெச்சவர்!”

“நன்றி சார். அப்படியே, கட்டில்மேல கிடக்கிற ஈரத்துண்டை எடுத்துக் காயப்போடுங்க.”

மறுமுனை அலறியது. “ஐயையோ! ட்ரோஜன் இன்னும் போகலையா? கேமரா வழியா வீட்டுக்குள்ள பாக்கறீங்களா?”

இந்த முறை குரலில் தேன் இல்லை.

“கேமரா எதுக்கு? கல்யாணமான நாள்லேர்ந்து தினமும் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்!”