பல்லி கேட்டது

மூன்று நாள் மழையில் மண்வீட்டுக்குள் முழங்காலளவு வெள்ளம். கிழக்குச் சுவரில் ஒட்டியிருந்த பல்லியின் பக்கத்தில் கரப்பான் ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஊருக்கே சாமி வாக்கு சொல்றீங்களே அண்ணே, நாம எந்தப் பக்கம் ஓடலாம்?”

“வாக்காவது! அது வெறும் தொண்டைச் சத்தம்டா” என்றது பல்லி. ஆனாலும் ஏறிவரும் தண்ணீரைப் பார்த்து, வாழ்நாளில் முதல்முறையாக, “சாமி, எந்தப் பக்கம்?” என்று வாய்விட்டுக் கேட்டது.

கட்டில்மேல் பிள்ளையோடு நின்ற செங்கமலம் நிமிர்ந்து பார்த்தாள். “ஏங்க, கிழக்கே பல்லி சொல்லிருச்சு. அந்த வாசல் வழியாவே போயிருவோம்!” என்று புருஷனை இழுத்தாள்.

அவள் தலையில் தூக்கிவைத்த சாமான் கூடையில் இரண்டும் தாவி ஏறிக்கொண்டன. வாசலைத் தாண்டியதுதான் தாமதம், மேற்குச் சுவர் கூரையோடு சரிந்தது.

“கரெக்டாச் சொன்னீங்கண்ணே!” என்றது கரப்பான்.

பல்லி கொட்டும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“நான் எங்கடா சொன்னேன்? கேட்கத்தானே செஞ்சேன்.”