பழைய இடத்திலேயே ஓட்டை

என் வேலையைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். அடைத்த ஓட்டைகளைத் திறந்துவிடுகிறேன். ஏழைகளின் வாழ்க்கையை நேரலையில் காட்டும் கம்பெனி எங்களுடையது. கேமரா வைத்த வீட்டுக்கு வாடகை இல்லை. ஆனால் வீடு முதல் நாள் இருந்தபடியே இருக்க வேண்டும்.

வியாசர்பாடியில் மூட்டை தூக்கும் சவரி, கிடைத்த ஒரே விடுமுறையில் கூரையேறித் தார் பூசியிருந்தான். அடுத்த மழைக்கு வீடு ஒழுகவில்லை. பார்வையாளர்கள் புகார் செய்துவிட்டார்கள்.

"பாப்பாக்கு இருமல்ணா, அதான் அடச்சோம்," என்றாள் அவன் மனைவி பிலோமினா.

"தெரியும்க்கா. இருமுன வாரந்தான் நிறைய பேர் பாத்தாங்க."

பழைய இடத்திலேயே துளை போட்டேன். அவள் அதற்கு நேர் கீழே கிடந்த குழந்தையின் பாயை ஓரமாகத் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் வாளியை வைத்தாள்.

"வாளி வேணாம்க்கா. அலுமினியக் குண்டான் வைங்க. சொட்டுற சத்தம் நல்லா கேக்கணுமாம்."

குண்டான் வந்தது. ஆறு வயது ஜெனிட்டா இருமிக்கொண்டே பாயை மறுபடி அதனருகே இழுத்துப் போட்டாள்.

"அங்க ஏன்டி? நனைஞ்சிடுவ."

"ஓரமா படுத்தா கேமராவுல தெரியமாட்டேம்மா."

எனக்கே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. விழுங்கிக்கொண்டேன்.