ஒரே ஒரு வாசகி

“யாருங்க இந்தப் புஷ்பவல்லி?”

சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைக்காமலேயே கேட்டாள் ஜெயசித்ரா. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவள் கணவன் கலைச்செல்வன் நடத்தும் ஜெராக்ஸ் கடையில், கம்ப்யூட்டர் திரையில் அந்தப் பெயர் இருந்தது.

“யாரோ வாசகி. என் பதிவைப் படிச்சிட்டுப் பின்னூட்டம் போட்டிருக்காங்க” என்றான் கலைச்செல்வன். சொல்லும்போது அவன் முகத்தில் தெரிந்த பூரிப்புதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கலைச்செல்வனுக்கு ஆறேழு மாதமாக வலைப்பூப் பைத்தியம். வீட்டுக் கதையை எல்லாம் இன்டர்நெட்டில் எழுதுவான். எழுத அரை மணி நேரம். நாலு பேரைப் படிக்க வைக்க நாள் முழுக்கப் பாடு. அடுத்தவர் பதிவுகளில் எல்லாம் போய், ‘அருமை, நம்ம பக்கமும் வாங்க’ என்று எழுதிவிட்டு வருவான். அது போதாதென்று வலைப்பூ முகவரியைத் துண்டுச் சீட்டில் அச்சடித்து, ஜெயங்கொண்டம் பஸ், ஆண்டிமடம் பஸ் என்று ஒன்று விடாமல் ஏறி இருக்கைகளின் முதுகில் ஒட்டுவான். கண்டக்டர்கள் திட்டினால் சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவான்.

இவ்வளவு செய்தும், பதிவு தவறாமல் பின்னூட்டம் போடுவது ஒரே ஒரு ஆள்தான். அது இந்தப் புஷ்பவல்லி.

ஜெயசித்ரா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தாள். ‘பாப்பா யார் ஜாடை?’ என்று ஒன்று. ‘பாப்பாவின் அம்மா சந்தோஷமாக இருக்கிறாரா?’ என்று இன்னொன்று. இவளுக்கு எதற்கு அந்த விசாரணை? வீட்டில் இடம் காலியாக இருக்கிறதா என்று பார்க்கிறாளா?

கடைசிப் பதிவில், பாப்பாவோடு மூவரும் வண்டியில் வரும்போது மழையில் நனைந்ததை எழுதியிருந்தான். அதற்குப் புஷ்பவல்லி எழுதியிருந்தாள்: ‘பாப்பாவின் அம்மாவை ஈரத்தலையோடு விடாதீர்கள். மூச்சிரைப்பு வந்துவிடும்.’

ஜெயசித்ரா திரையிலிருந்து வெடுக்கென்று திரும்பினாள். “எனக்கு மூச்சிரைப்பு வர்றது இவளுக்கு எப்படிங்க தெரியும்?”

“அதான் எனக்கும் தெரியல சித்ரா. சத்தியமா நான் எங்கயும் எழுதல. வேணும்னா எல்லாப் பதிவையும் படிச்சுப் பாரு.”

“பதிவுல எழுதல. அப்ப நேர்லதான் சொல்லியிருக்கீங்க.”

இவனை நம்பித்தான் ஆண்டிமடத்தில் அப்பா வீட்டை விட்டு வந்தாள். அப்பா குழந்தைவேல் அன்றோடு பேச்சை நிறுத்தியவர்தான். குழந்தை பிறந்த சேதி சொல்லி அனுப்பியதற்கும் பதில் இல்லை. இவனும் கைவிட்டால், திரும்பிப் போக அவளுக்கு ஒரு வாசல் கிடையாது.

மறுநாள் காலையில் காபியோடு சிரித்த முகமாக வந்தாள்.

“ஏங்க, சனிக்கெழம கல்லங்குறிச்சியில பாப்பாவுக்கு மொட்டை போடறோம்ல? அதையே அடுத்த பதிவா போடுங்க. வாசகருங்க எல்லாரும் கட்டாயம் வரணும்னு எழுதுங்க.”

கலைச்செல்வன் உச்சி குளிர்ந்து போனான். பொண்டாட்டிக்கே வலைப்பூ பிடித்துவிட்டதே! அன்றே பதிவு போட்டு, கலர் தாளில் சீட்டு அடித்து, கண்ணில் பட்ட பஸ்ஸில் எல்லாம் ஒட்டினான்.

சனிக்கிழமை காலை பெருமாள் கோயிலில் கூட்டம் இருந்தது. கூட்டம் பெருமாளுக்கு வந்தது. கலைச்செல்வனுக்கு ஒருவரும் வரவில்லை. வாசகர்களுக்காகக் கொண்டுவந்த புளியோதரை அண்டா மூடியபடியே இருந்தது.

ஜெயசித்ராவின் கண் மட்டும் வாசலை விட்டு அசையவில்லை. தலைக்குக் குளித்தவள் துவட்டக்கூட நேரமில்லாமல் அப்படியே முடிந்துகொண்டு நின்றாள். கொஞ்சம் பளிச்சென்று சேலை கட்டிய பெண் யார் வந்தாலும் எதிரே போய், “நீங்க புஷ்பவல்லிங்களா?” என்று கேட்டாள்.

“இல்லீங்களே, கொளஞ்சியம்மா” என்ற ஒருத்தி, கேட்டதற்காகவே நின்று புளியோதரை வாங்கிக்கொண்டு போனாள்.

மொட்டை போடுபவர் கத்தியோடு தயாரானார். “புள்ளைய யாரு மடியில வெச்சுக்கறது? அம்மா வூட்டு ஆளுங்க யாரும் வரலீங்களா?”

 ஜெயசித்ரா தலையைக் குனிந்துகொண்டு பாப்பாவின் சட்டையைக் கழற்றினாள்.

“ஏன் வராம? குடுங்க இங்க” என்றது ஒரு குரல்.

தோளில் துண்டோடு ஒரு பெரியவர் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தைக்காகக் கையை நீட்டினார். “மாமா!” என்று பதறி எழுந்தான் கலைச்செல்வன். அப்பா! ஜெயசித்ராவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யாரோ ஊர்க்காரர்கள் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

அழும்போதும் அவள் கண் வாசலுக்கு ஓடியது. ஐயோ, இந்த நேரம் பார்த்து அந்தப் புஷ்பவல்லி வந்து நின்றால் அப்பா முன்னால் மானமே போய்விடுமே.

குழந்தைவேல் பேத்தியை மடியில் இருத்திக்கொண்டு, மகளை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“மொதல்ல தலையத் தொவட்டு தாயி. ஈரத்தலை உனக்கு ஆவாதுன்னு, ஜெயங்கொண்டம் கம்ப்யூட்டர் சென்டர்ல வேல பாக்கற அந்தப் புஷ்பவல்லிகிட்ட சொல்லி எழுதச் சொன்னேனே, படிக்கலியா?”