நல்ல முழங்கால்

"முழங்காலப் பாருங்க, என்னமா எழும்புது! மூச்சும் வாங்கல," என்றது நெரிஸுக்குப் பின்னால் ஒரு பெண் குரல்.

"வயிறு கொஞ்சம் இருக்கு," என்றது ஓர் ஆண் குரல்.

"அது தீனி. குறைச்சா சரியாப் போயிடும். நல்ல சாது, மூஞ்சியிலயே தெரியுது. ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கவா?"

நெரிஸ் திரும்பவில்லை. களத்தைச் சுற்றிக் கட்டியிருந்த ஈரக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சாதுவான மட்டக்குதிரை ஒன்று கண்ணில் பட்டால் போதும், முன்பின் தெரியாதவர்கள்கூட வந்து கேட்பார்கள். பிள்ளை வளர்ந்ததும் குதிரை அடுத்த வீட்டுக்குப் போவது இந்தப் பக்கத்து வழக்கம். அவர்கள் குதிரை மார்மலேடும் அப்படி வந்ததுதான்.

ஆனால் மகள் எலினுக்கு இன்னும் ஐந்து வயதுதான். இன்றுதான் முதல் குதிரைப் போட்டி. அதற்குள் எப்படிக் கேட்பார்கள்?

அதைவிடப் பெரிய கவலை அலுன். யார் எதைக் கேட்டாலும் நெரிஸின் கணவனுக்கு இல்லை என்று சொல்ல வராது. அவர்கள் வீட்டு ஏணி இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது.

களத்தில் அலுன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றில் ஓடிக்கொண்டிருந்தான். மறுமுனையில் மார்மலேட். அதன் முதுகில், தலைக்கவசம் மூக்குவரை இறங்கிய எலின்.

தடைகள் கணுக்கால் உயரம்தான். குதிரை தாண்ட வேண்டும். கயிற்றைப் பிடித்திருப்பவர் பக்கத்தில் ஓடி வந்தால் போதும். பதற்றத்தில் அலுன் அதை மறந்துவிட்டான். ஒவ்வொரு தடையையும் அவனே துள்ளித் தாண்டினான். குளிர்ந்த தண்ணீரில் இறங்குவதுபோல் மார்மலேட் ஒவ்வொரு காலாக எடுத்துவைத்துப் பின்னால் வந்தது.

"நீ தாண்டாதப்பா! மார்மலேட் தாண்டணும்!" என்று கத்தினாள் எலின்.

"தாண்டிட்டேனேம்மா, இப்ப என்ன செய்ய?"

கடைசித் தடையில் அழகுக்கு டெய்சிப் பூக்களைச் செருகி வைத்திருந்தார்கள். மார்மலேட் நின்று அவற்றைத் தின்ன ஆரம்பித்தது. அந்தப் பக்கம் போய்விட்ட அலுன் இந்தப் பக்கம் தாண்டி வந்து கெஞ்சினான். எப்படித் தாண்டுவது என்று காட்ட மறுபடி அந்தப் பக்கம் தாண்டினான். மறுபடி வந்தான். மறுபடி போனான். கூட்டம் கைதட்டியது.

பூ தீர்ந்ததும் மார்மலேட் தானாகவே கட்டையைக் கடந்தது. ஒரு கட்டைகூட விழவில்லை.

"இதுல தாண்டினது யாரு?" என்று கேட்டார் குடைக்கடியில் நின்ற நடுவர்.

"ரெண்டு பேரும்தான்," என்றாள் உதவிக்கு நின்றவள்.

"அப்ப பரிசு ரிப்பன் யாருக்கு?"

"குதிரைக்கே குடுங்க. அவருக்குக் குடுத்தா இதே பழக்கமாயிடும்."

பின்னால் அந்தப் பெண் குரல் உருகியது. "எத்தனை தடவை! கொஞ்சமாவது அலுப்பு இருக்கா பாருங்க. கேட்டே ஆகணும்!"

பூவைத் தின்றுகொண்டு நின்ற குதிரையைப் பார்த்து இப்படிச் சொக்கிப்போகிறவளும் உண்டா? நெரிஸ் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பச்சைக் கோட்டுப் போட்ட ஒருத்தி. பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒருவர், வலது காலில் மாவுக்கட்டு. அவர் மடியில் தலைக்கவசத்தோடு ஒரு சின்னப் பெண், அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

இந்தக் குழந்தையின் அழுகையைப் பார்த்தால் அலுன் வீட்டையே எழுதிக் கொடுத்துவிடுவான்.

நெரிஸ் வெளியே வரும் வழிக்கு ஓடினாள். "அலுன், ஒருத்தி வந்து கேப்பா. முடியாதுன்னு சொல்லு."

"எதை?"

"எதைக் கேட்டாலும்!"

பச்சைக் கோட்டு அதற்குள் வந்துவிட்டது. "நான் திருமதி ப்ரோதெரோ. தப்பா நினைக்காதீங்க. எங்க ஃப்ளோராவுக்கும் இன்னிக்குத்தான் மொதல் போட்டி. கொஞ்ச நேரம் குடுத்து உதவினீங்கன்னா பத்திரமாத் திருப்பி விட்டுடறேன். நல்லாத் தீனி போட்டு, காலைக் கழுவித் துடைச்சு அனுப்பறேன்."

அலுன் வாயைத் திறந்தான். நெரிஸ் அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

எலினுக்குப் புரிந்துவிட்டது. மார்மலேடின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பத் தொடங்கினாள். சட்டையில் குத்தியிருந்த புது ரிப்பன் பிடரி மயிரில் நசுங்கியது.

"முடியாதுங்க," என்றாள் நெரிஸ். "எம் பொண்ணு உயிரையே வச்சிருக்கா. பாருங்க, எப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கான்னு."

"ஒரே ஒரு சுற்று?"

"ஒரு அடிகூட நகராது."

எலினின் தலைக்கவசத்தில் மழை சொட்டியது. திருமதி ப்ரோதெரோ எலினைப் பார்த்தாள். பிறகு, அங்கே அப்படி ஒன்று நிற்பதை அப்போதுதான் கவனித்தவள்போல மார்மலேடைப் பார்த்தாள்.

"குதிரையா? ஐயோ, குதிரை எங்ககிட்ட இருக்குங்க. வண்டிக்குள்ள சேணம் போட்டு நிக்குது. கயிறு பிடிச்சு ஓட வேண்டியவர்தான்..." என்று மாவுக்கட்டுக் காலைக் காட்டினாள்.

எலின் குதிரையின் கழுத்தை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாவைத்தானா? கூட்டிட்டுப் போங்க!"