இறங்கினால் பெரிய பிள்ளை

வேம்புவின் கை மகளின் தலையிலேயே இருந்தது. எண்ணெயை வழிய வழிய வைத்து, முடியை மண்டையோடு அமுக்கி அமுக்கி வாரினாள்.

“ஏம்மா இப்படி அழுத்துற? வலிக்குது.”

“குன்னம் பஸ் வரப்போவுது. முடி தூக்கிக்கிட்டு நின்னா உசரமாத் தெரிவடி. பஸ்ஸுல உனக்கு என்ன வயசு?”

“மூணு.”

“கெட்டிக்காரி.”

மலர்கொடிக்குச் சித்திரையோடு அஞ்சு முடிந்துவிட்டது. வயசு ஏறிய அளவுக்கு உடம்புதான் ஏறவில்லை.

பூலாம்பாடியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த வேம்பு, பெரம்பலூரில் பஸ் மாறி ஊர் திரும்புகிறாள். இன்றைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். பிள்ளையை ஒண்ணாம் வகுப்பில் சேர்த்தே ஆகவேண்டும். வெங்காயக் காட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: “கிணத்து மேட்டுல ஓடுற புள்ளையை இன்னொரு தரம் கூட்டிட்டு வந்தா, உனக்கு இங்க வேலை இல்ல.”

வேலை இல்லையென்றால் வீட்டில் உலையும் இல்லை.

பஸ்ஸில் மகளை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டாள். பக்கத்தில் குடையும் கைப்பையுமாக ஓர் அம்மா.

“பாப்பாவுக்கு டிக்கெட்?” கண்டக்டர் கேட்டார்.

“சின்னப் புள்ளைங்க.” வேம்பு மகளை இன்னும் சுருட்டிக்கொண்டாள்.

மலர்கொடி கேட்காமலே மூன்று விரலைக் காட்டினாள். கண்டக்டர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

குடைக்கார அம்மா குனிந்தார்.

“பஸ்ஸை விட்டு இறங்கினா உனக்கு எத்தனை வயசு, கண்ணு?”

“அஞ்சு!”

பஸ்ஸே கொல்லென்று சிரித்தது.

“கண்டக்டர், இங்க வாங்க. இது பெரிய பிள்ளை. அரை டிக்கெட் குடுங்க.”

“அட, விடுங்கம்மா. ஒல்லிப்பிச்சான் புள்ளை, காத்தடிச்சாப் பறந்துரும்” என்றார் பின்சீட்டுக்காரர்.

“பறந்தா டிக்கெட் வேண்டாம். உக்காந்துதானே வருது? குடுங்க.”

வேம்பு சுருக்குப்பையை அவிழ்த்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்றைக்கு மற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த மிட்டாய்க் காசு அதோடு போயிற்று. ‘இந்த மகராசி கைக்காசா கரையுது? நல்லா இருப்பாளா இவ!’ மனசுக்குள் வைதுகொண்டே டிக்கெட்டை முந்தானையில் முடிந்தாள்.

இறங்கியதும் மகளோடு குழாயடிக்கு ஓடினாள். படிய வாரியதைக் கலைத்து, உச்சியில் கொண்டை போட்டு, ரிப்பனைக் கட்டி நிமிர்த்தினாள். இப்போது பிள்ளை நாலு விரல்கடை வளர்ந்துவிட்டது.

“இப்ப உனக்கு என்ன வயசு?”

“அஞ்சு.”

“நெஞ்சை நிமித்திச் சொல்லு.”

பள்ளிக்கூடத்தில் வேணுகோபால் சார் வயசையே கேட்கவில்லை.

“வலது கையைத் தலைக்கு மேல போட்டு, இடது காதைத் தொடு.”

கை கொண்டையில் இடித்து நின்றுவிட்டது. பெரிதாகத் தெரியட்டும் என்று போட்ட கொண்டையே குறுக்கே நின்றது. வேம்பு பதறி அதை அவிழ்த்தாள். அப்போதும் விரல் காதுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று தடவியது.

“எட்டலியே. சின்னப் பிள்ளை. அடுத்த வருஷம் கூட்டிட்டு வா.”

“அஞ்சு முடிஞ்சிருச்சுங்க, சார். சத்தியமா...”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

வேம்புவின் கண் கலங்கியது. வாசலில் நிழல் தட்டியது. கையில் அதே குடை.

“வாங்க டீச்சர்.” சார் எழுந்தார். “புதுசா மாத்தலாகி வந்திருக்கிற பெரிய டீச்சர் இவங்கதான்” என்றார் வேம்புவிடம்.

வேம்பு மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். போச்சு, பஸ்ஸில் மூணு என்றதை இவரே சொல்லிவிடப் போகிறார்.

பெரிய டீச்சர் பிள்ளையைப் பார்த்தார். அவிழ்ந்து கிடந்த கொண்டையைப் பார்த்தார்.

“ஏம்மா, அந்த டிக்கெட்டை வச்சிருக்கியா?”

வேம்பு முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டினாள். டீச்சர் அதை வாங்கி சாரின் மேசையில் வைத்தார்.

“இது எதுக்கு டீச்சர்?”

“இந்தப் பிள்ளை பெரிய பிள்ளைன்னு பஸ்ஸுல அத்தனை பேரு முன்னால முடிவாயிருச்சு, சார். சாட்சி நான். அங்கேருந்து இங்க வர்றதுக்குள்ள சின்னதாயிருமா? சேர்த்துக்குங்க. நாலு மாசம் மத்தியானச் சோறு தின்னா, கை தானா காதுக்கு எட்டும்.”

சார் சிரித்தபடி பேனாவைத் திறந்தார்.

வேம்புவுக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்ப... பஸ்ஸுலேயே உங்களுக்கு...”

“உன் துணிப்பையிலேருந்து புது சிலேட்டு தலையை நீட்டிப் பாத்துக்கிட்டே வந்துச்சே. பள்ளிக்கூடம் தவிர வேறெங்க போவே?” டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “இனிமே அம்மா வீட்டுக்குப் போறப்ப இவளுக்கு டிக்கெட் எடுப்பியா?”

“அடியே வேம்பு! களைக்கு ஆளெல்லாம் எறங்கியாச்சு, வரியா இல்லியா?” வெளியே, கூடக் காட்டு வேலைக்குப் போகிற செங்கமலம் கத்தினாள்.

வேம்பு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். வாசல் வரை போய்த் திரும்பி, முதல் தடவையாக டீச்சரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

“கண்டிப்பா எடுத்துர்றேன் டீச்சர்! ஆனா, நீங்க ஏறுற பஸ்ஸா இருந்தா மட்டும்...”