மாடி வீட்டு ஹீரோ

"நம்ம மாடி வீட்டு ஹீரோ காலி பண்றாராம். பெரிய வீடா குடுத்திருப்பாங்க!"

எதிர்வீட்டுக்காரி சொன்னதும் கீழ் வீட்டில் இருந்த அவளுக்கு வயிறு எரிந்தது.

எல்லை தாண்டிப் போய்க் குண்டு போட்டுவிட்டு வந்த விமானிகளின் பெயரை அரசாங்கம் வெளியே விடவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தில் கைதட்டல் பலமாக விழவும், அமைச்சர் குஷியாகி, "அதுல ஒருத்தர் உங்க தெருவுலதான் இருக்கார்!" என்று உளறித் தொலைத்தார்.

தெருவே தேட ஆரம்பித்தது. மறுநாளே மாடி வீட்டுக்காரர், "நான்தான்" என்று முன்னால் வந்து நின்றார்.

விமான தளத்தில் எண்ணெய் லாரி ஓட்டுகிற மனுஷன்! தெருவுக்கு அது தெரியாது. மேடை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள். பத்திரிகையில் கால் பக்கத்துக்குப் படம்.

நிஜ விமானியான அவள் புருஷன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினான். தெருவைப் பொறுத்தவரை அவன் ஏதோ ஆபீஸில் வேலை பார்க்கிறவன்.

"உங்களுக்கு ரோஷமே வராதா?"

"விடும்மா. குண்டு விழுந்தப்போ கீழே இருந்தவங்களும் மனுஷங்கதானே. இதுக்கு மேடை வேற ஏறணுமா?"

போய் வந்ததிலிருந்து அவன் சரியாகத் தூங்குவதில்லை. அவளும்தான்.

இன்று பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று மாடி ஏறினாள்.

அவர் ஒற்றை ஆளாகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். உடைந்த ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தார்.

"வாம்மா, உட்காரு."

"உட்கார வரலண்ணே. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போனது எங்க வீட்டுக்காரர். மேடை ஏறினது நீங்க. உங்களுக்கு மனசு உறுத்தவே இல்லையா?"

அவர் போனை நீட்டினார்.

வரிசையாகச் செய்திகள். எல்லாம் யார் யாரோ அனுப்பியவை. 'உன் பையன் எந்த ஸ்கூல்னு தெரியும்.' 'எங்க ஊர்ல நீ போட்டதுக்கு உன் வீட்ல பதில் கிடைக்கும்.'

அதற்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை.

"தினமும் வருதும்மா. நேத்து ஜன்னல்ல கல்லு விழுந்துச்சு. பொண்டாட்டி புள்ளைங்களை மாமனார் வீட்டுக்கு அனுப்பிட்டேன். என்னை வேற ஊருக்கு மாத்திட்டாங்க."

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பேருக்கும் புகழுக்கும் ஆசைப்பட்டா இப்படித்தாண்ணே. யாரு உங்களைப் பொய் சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா."

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். சோர்ந்துபோய் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்தார்.

"அமைச்சர் பேசின மறுநாள், முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் கீழே உங்க வீட்டு வாசல்ல நின்னான். ஸ்கூல் விட்டு வந்த உம் பொண்ணைப் பிடிச்சு வச்சு, 'அப்பாதானே பாப்பா விமானம் ஓட்டுறாரு?'ன்னு கேட்டுக்கிட்டிருந்தான். அது வாயைத் திறக்கிறதுக்குள்ள குறுக்கே போய், 'நீங்க தேடுற ஆளு நான்தாங்க'ன்னுட்டேன்."