யார் கைச் சாப்பாடு?

“உன் கைப்பையைத் திற,” என்றாள் அக்கா.

தம்பி மனைவி திறந்து காட்டினாள். சீப்பு, சாவிக்கொத்து, தலைவலி மாத்திரை.

“உப்பைத் தேடறீங்களா, அண்ணி?”

“தேட வைக்கிறியே.”

அக்கா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். ஓய்வு பெற்று ரயிலை விட்டு இறங்கிவிட்டாள்; வேலையை விட்டு இன்னும் இறங்கவில்லை. எதிரே வருகிற முகம் எதுவானாலும் டிக்கெட் எடுக்காத முகமாகத்தான் அவளுக்குத் தெரியும்.

தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துபவன். பிரேக் எது, ஆக்ஸிலரேட்டர் எது என்று தெரியாதவர்களின் பக்கத்தில் வருஷக்கணக்காகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். ‘சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வருகிறது, உப்பைக் குறையுங்கள்’ என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவனுக்குச் சாப்பாட்டு மேஜையைக் கண்டாலே நடுக்கம். குறையுங்கள் என்றதை ஒழித்துவிடுங்கள் என்று எடுத்துக்கொண்டான். தட்டை மோந்து பார்ப்பான். கணுக்காலை அமுக்கி வீக்கம் பார்ப்பான். பிறகு தட்டைத் தள்ளிவிடுவான்.

“ஒரு சிட்டிகை போட்டா ஒண்ணும் ஆகாதுங்க,” என்று அவன் மனைவி ஒருநாள் சொல்லிவிட்டாள்.

அது அக்கா காதுக்கு எட்டியது. அன்றைக்கே பெட்டியோடு வந்து இறங்கினாள். சமையலறை கைமாறியது.

“தம்பி, இனிமே நான் குடுக்கிறதை மட்டும் சாப்பிடு. இவ பாசத்தில எதையாவது தூவிடுவா.”

தம்பி தலையாட்டினான். அதன்பிறகு மனைவி தண்ணீர் கொடுத்தால்கூட அக்கா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினான்.

ஆனால் அக்கா கொடுத்த சப்பென்ற சூப்பும் அவனுக்கு இறங்கவில்லை. சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகிக்கொண்டே போனது. பார்த்துப் பொறுக்காமல் அக்கா கடைக்குப் போனாள். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த பாக்கெட்டை வாங்கி வந்தாள். சொன்னால் சாப்பிட மாட்டான் என்று சொல்லாமலே போட்டாள். சாதாரண உப்பு இல்லையே என்ற தைரியத்தில் கொஞ்சம் தாராளமாகவே போட்டாள்.

தம்பி தட்டை வழித்துச் சாப்பிட்டான்.

“உன் கையில என்னமோ இருக்கு, அக்கா.”

அக்கா பூரித்துப்போனாள்.

வாரம் ஒன்று ஓடியிருக்காது. தம்பியால் மாடிப்படி ஏற முடியவில்லை. கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ மாதிரி துவண்டன. “நெஞ்சு நின்னு நின்னு அடிக்குதுக்கா,” என்றான். முகம் சாம்பல் பூத்திருந்தது.

அதனால்தான் இந்தக் கைப்பைச் சோதனை.

“எதையோ கலந்து குடுத்திருக்கே. இல்லேன்னா இவன் ஏன் இப்படி ஆகணும்?”

“நான் சமையலறைப் பக்கமே போகலையே, அண்ணி.”

“டிக்கெட் எடுக்காதவங்க எல்லாரும் இப்படித்தான் சாதுவாப் பேசுவாங்க.”

சோபாவிலிருந்து தம்பி மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். இருந்தது பயம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. அவசரப் பிரிவில் அவன் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். மானிட்டரில் கோடு தாறுமாறாக ஓடியது. அது சீராகும்வரை இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“ரத்தத்தில பொட்டாசியம் எகிறிப்போச்சு,” என்றார் டாக்டர். “மருந்து ஏத்தியிருக்கோம், இப்ப பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இதயமே நின்னிருக்கும். வீட்ல என்ன குடுத்தீங்க? மருந்து, மாத்திரை, சமையலுக்குப் போடறது, எல்லாத்தையும் கொண்டு வாங்க.”

தம்பி மனைவிதான் ஓடினாள். திரும்பி வந்து, கட்டிலருகே இருந்த மேஜையில் பையைக் கவிழ்த்தாள். மாத்திரை அட்டைகள், எண்ணெய் பாட்டில், மிளகுத்தூள். கூடவே அந்த உப்புப் பாக்கெட். மாவு டின்னுக்குப் பின்னால் அக்கா ஒளித்து வைத்திருந்தது.

டாக்டர் அதைத் திருப்பிப் படித்தார்.

“சோடியத்தைக் குறைச்சிட்டு அந்த இடத்தில பொட்டாசியம் சேர்த்திருக்காங்க. நமக்கெல்லாம் ஒண்ணும் செய்யாது. இவரோட சிறுநீரகத்தால அதை வெளியே தள்ள முடியாது. கிட்னி நோயாளிங்க டாக்டரைக் கேட்காம சாப்பிடக் கூடாதுன்னு பின்னாடி போட்டே இருக்கே.”

வாழ்நாளில் ஒரு டிக்கெட்டையாவது இருபுறமும் பார்க்காமல் விட்டதில்லை அக்கா. இந்தப் பாக்கெட்டுக்கு முன்பக்கமே போதும் என்றிருந்துவிட்டாள்.

“இதை யார் போட்டது?”

தம்பி தலையணையில் முகத்தைத் திருப்பி இருவரையும் பார்த்தான்.

அக்காவின் பார்வை தம்பி மனைவி மேல் போனது. பாக்கெட் எங்கே இருந்தது என்று தம்பி மனைவிக்குத் தெரியும். அந்தச் சமையலறையில் வேறு யாரும் கை வைக்கவில்லை என்பதும் தெரியும். சொல்லப்போகிறாள். கைப்பைக்கும் சேர்த்துச் சொல்லப்போகிறாள்.

“நான்தான் டாக்டர்,” என்றாள் தம்பி மனைவி. “அவர் சாப்பிடவே மாட்டேங்கிறாரேன்னு அண்ணிக்குத் தெரியாம போட்டுட்டேன்.”

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். டாக்டர் அவளை நான்கு வார்த்தை கடுமையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அக்கா அவள் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப்போனாள்.

“ஏம்மா... ஏன் அப்படிச் சொன்னே?”

“இப்ப அவருக்குச் சாப்பாடு கொண்டு வருவாங்க, அண்ணி. நான் குடுத்தா தொட மாட்டார். உங்க கையும் பயமாப் போயிட்டா, அப்புறம் அவர் யார் கையாலதான் சாப்பிடுவார்? உள்ள போங்க.”